உள்ளே போனது எங்கேயும் போகவில்லை

அன்புள்ள அண்ணனுக்கு,

இந்த மடலை உங்கள் பேத்தி வாசித்துக் காட்டுவாள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். புரை அறுவைக்குப் பிறகு சின்ன எழுத்து கண்ணைக் கூசுகிறது என்று போனமுறை பேசும்போது சொன்னீர்கள். உங்களுக்குத் தனியாகவே எழுதிப் போட்டிருக்கலாம். ஊரறிய எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நம் பிளாண்டில் இன்று ஓடும் ஒவ்வொரு பேட்சிலும் உங்கள் கை இருக்கிறது. ஆனால் எந்த ஆவணத்திலும் உங்கள் பெயர் இல்லை. இருக்கும் கையெழுத்து என்னுடையது. அது என்னை வெகுநாளாக உறுத்துகிறது.

2003 ஐப்பசி. மழை விடாமல் கொட்டிய ஒரு சி ஷிஃப்ட். நான் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. கடலூர் பக்கத்து மழை உங்களுக்குத் தெரியாததா, இரண்டாம் மாடித் தகரக் கூரையில் விழுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. மூவாயிரம் லிட்டர் எஸ்எஸ் ரியாக்டரில் கிரிக்னார்டு பேட்ச் போட்டிருந்தோம். மக்னீசியத் துருவல், கரைப்பானாக டிஎச்எஃப், மேலே நைட்ரஜன், ஒரு சிட்டிகை அயோடின். டே டேங்கில் இருக்கும் புரோமோ சேர்மத்தில் 5 சதவீதத்தை மட்டும் முதலில் விட்டு, 50 டிகிரிக்குச் சூடாக்கிவிட்டுக் காத்திருக்க வேண்டும். வினை கிளம்பினால் சூடு தானே ஏறும். அது ஏறியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் மீதியைச் சொட்டுச் சொட்டாக விடலாம்.

விக்டர் கிரிக்னார்டு 1900இல் கண்டுபிடித்து 1912இல் நோபல் பரிசு வாங்கிய வினை இது. நூறு ஆண்டுக்கு மேலாகியும் அதன் ஒரு குணம் மாறவில்லை. எப்போது கிளம்பும் என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. மக்னீசியத்தின் மேல் ஆக்சைடு படலம் தடித்திருந்தால் தாமதமாகும். கரைப்பானில் கொஞ்சம் ஈரம் ஏறியிருந்தால் இன்னும் தாமதமாகும். அந்த மழை வாரத்தில் ஈரம் ஏறாமல் இருந்திருந்தால்தான் அதிசயம்.

பன்னிரண்டரைக்கு முதல் 5 சதவீதம். ஒன்றரை வரை முள் அசையவில்லை. இன்னொரு 5 விடச் சொன்னேன், விட்டீர்கள். இரண்டேகாலுக்கும் ஒன்றும் இல்லை. காலை ஆறு மணிக்கு ஷிஃப்ட் ஒப்படைக்கும்போது பேட்ச் நகரவே இல்லை என்று எழுத வேண்டி வருமே என்ற பதற்றம் எனக்கு. மூன்றாவது முறையாக வால்வைத் திறக்க நானே கையை நீட்டினேன். நீங்கள் அந்தக் கைப்பிடியின் மேல் உங்கள் கையை வைத்தீர்கள். தள்ளவில்லை, வைத்துக்கொண்டு நின்றீர்கள். அதுவரை என்னை "சார்" என்றுதான் கூப்பிட்டிருக்கிறீர்கள்.

"உள்ள போனது எங்கயும் போகல தம்பி. அங்கயேதான் உக்காந்திருக்கு. சூடு வரலன்னா இன்னும் கொடுக்கணும்னுதான் தோணும். சூடு வரலன்னாதான் நிறுத்தணும்."

எனக்குக் கோபம் வந்தது. இன்று அதை ஒப்புக்கொள்கிறேன். நீங்கள் ஸ்டிரர் கியர்பாக்ஸ் பக்கம் போய்க் காது கொடுத்துக் கேட்டீர்கள். கண்டென்சர் சைட் கிளாஸில் டார்ச் அடித்துப் பார்த்தீர்கள். பிறகு ஒரு பீப்பாயைக் கவிழ்த்துப் போட்டு, முள்ளுக்கு எதிரே உட்கார்ந்துவிட்டீர்கள்.

மூன்று மணி பத்து நிமிடத்துக்குக் கிளம்பியது. 52 டிகிரியில் இருந்தது இரண்டு நிமிடத்துக்குள் 66 தொட்டது. டிஎச்எஃப் கொதிக்கும் இடம் அது. கண்டென்சரில் ஆவி இரைந்துகொண்டு ஏறியது, சைட் கிளாஸில் திரவம் அருவியாகத் திரும்பி விழுந்தது. ரியாக்டரைச் சுற்றியுள்ள ஜாக்கெட்டில் குளிர்ச்சியை முழுக்கத் திறந்தும் கால்மணி நேரம் அப்படியே நின்றது. உள்ளே இருந்தது 10 சதவீதம்தான். நான் நினைத்தபடி ஊற்றிக்கொண்டே போயிருந்தால் 25, 30 சதவீதம் சேர்ந்திருக்கும். அந்தக் கண்டென்சர் அதைத் தாங்கியிருக்காது. மறுநாள் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது. ஆள் ஏறிய மேடைக்கு நேர் மேலே கரைப்பான் ஆவி, நாலு பக்கமும் மோட்டார்கள். கூட இருந்த ஹெல்பர்களில் ஒருவருக்கு முந்தைய வாரம்தான் குழந்தை பிறந்திருந்தது.

கல்லூரியில் இதற்குப் பெயர் இருந்தது. அக்யுமுலேஷன் என்று பாடத்தில் ஒரு பத்தி. தேர்வுக்குப் படித்து எழுதி மறந்தேன். வினைபுரியாமல் உள்ளே சேர்ந்துகிடக்கும் சரக்கின் அளவுதான் ஒரு ரியாக்டரின் உண்மையான ஆபத்து. வெப்பமானி சொல்வது இந்த நிமிடத்து நிலவரம், இனி வரப்போவதை அது சொல்லாது. சூடு குறைவாகக் காட்டினால் மனம் நிம்மதியாகிறதே, அந்த நிம்மதியை நம்பக் கூடாது என்று எனக்கு உறைத்தது அந்தப் பீப்பாய்க்குப் பக்கத்தில் நின்றபோதுதான்.

இந்தத் தொழிலுக்கு வெளியே இருப்பவர்களும் இதைப் படிக்கக் கூடும் என்பதால் ஒன்று சொல்லிவிடுகிறேன். கல்யாண வீட்டு அண்டாவை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகும் வெகுநேரம் கொதி அடங்காது. வீட்டுச் சட்டி உடனே ஆறிவிடும். பாத்திரம் பெரிதாக ஆக, உள்ளே இருக்கும் சரக்குக்குத் தகுந்த அளவு வெளிச்சுவர் வளர்வதில்லை. ஆய்வகத்து ஒரு லிட்டர் குடுவையையும் நம் 6300 லிட்டர் கண்ணாடிப் பூச்சு ரியாக்டரையும் ஒரே வடிவமென்று வைத்துக் கணக்கிட்டால், லிட்டருக்குக் கிடைக்கும் குளிர்விக்கும் பரப்பு ஏறத்தாழ 18இல் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அதோடு, 10 டிகிரி ஏறினால் பெரும்பாலான வினைகளின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. குளிர்விப்போ டிகிரிக்கு டிகிரி நேர்கோட்டில்தான் கூடும். ஓர் எல்லை வரை குளிர்விப்பு ஈடுகொடுக்கும். அந்த எல்லையைத் தாண்டினால் சூடு சூட்டையே வளர்க்கும், எந்த வால்வும் எட்டிப் பிடிக்காது. அதைத்தான் ரன்அவே என்கிறோம்.

நீங்கள் பெயர் சொல்லாமல் சொன்னது உலகத்தில் எத்தனை இடத்தில் எழுதாமல் போனது என்று பிறகு தேடிப் படித்தேன். 1976 ஜூலை 10, சனிக்கிழமை, இத்தாலியில் மேடா என்ற ஊர். இக்மேசா ஆலையில் டிரைகுளோரோபீனால் பேட்ச் ஒன்றை முடிக்காமலே, சூடாக்குவதை நிறுத்தி, ஸ்டிரரையும் நிறுத்திவிட்டு வார விடுமுறைக்குப் போனார்கள். உள்ளே 158 டிகிரி. பார்க்க அமைதியாகத்தான் இருந்தது. ஸ்டிரர் நின்றதால் மேல்மட்டம் மட்டும் சூடான சுவரிலிருந்து வெப்பம் வாங்கி மெல்ல மெல்ல வினையைத் தொடங்கிக்கொண்டது. நண்பகல் 12 மணி 37 நிமிடத்துக்கு ரப்ச்சர் டிஸ்க் உடைந்தது. டயாக்சின் கலந்த மேகம் பக்கத்துச் சேவேசோ ஊரின் மேல் இறங்கியது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் உட்கார்ந்திருந்த சரக்குதான் அங்கேயும்.

2007 டிசம்பர் 19 அன்று அமெரிக்காவின் ஜாக்சன்வில் நகரில் டி2 லேபரட்டரீஸ் வெடித்தபோது நான்கு பேர் இறந்தார்கள், 32 பேர் காயப்பட்டார்கள். ஜாக்கெட்டைக் குளிர்விக்க ஒரே ஒரு தண்ணீர் வழி. அது கைவிட்டால் மாற்று கிடையாது. அன்று ஓடியது 175ஆவது பேட்ச். அந்த எண்ணை நான் மறப்பதில்லை. 174 முறை வெடிக்காமல் முடிந்த ஒன்றைப் பார்த்து, இது பாதுகாப்பானது என்று எந்தப் பொறியாளருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியிருக்கும்.

இப்போது நன்றிக்கு வருகிறேன்.

2006இல் நம் பிளாண்டுக்கு டிசிஎஸ் என்ற கணினிக் கட்டுப்பாடு வந்தது. ரியாக்டரின் சூடு, அழுத்தம், எடை, எல்லாம் கண்ட்ரோல் ரூம் திரைக்கு. வால்வைத் திறப்பதும் மூடுவதும் கணினி. எந்தச் சூழ்நிலையில் எதைச் செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பேட்ச் ஷீட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு வாரத்தில் எழுதி முடித்தேன். உங்களிடம் வாசித்துக் காட்டினேன். நீங்கள் நாலாவது வரியிலேயே நிறுத்திக் கேட்டீர்கள்: "ஸ்டிரர் ஓடினா டோசிங் திறன்னு எழுதியிருக்கீங்க. மோட்டார் ஓடுது, சரி. உள்ள இலை சுத்துதான்னு எப்படித் தெரியும்?"

கப்ளிங் சாவி அறுந்து, மேலே மோட்டார் சும்மா சுற்ற, உள்ளே தண்டு அசையாமல் நின்ற ஒரு பழைய இரவைச் சொன்னீர்கள். மோட்டாரின் சத்தம் லேசாகிப்போனதை வைத்துத்தான் கண்டுபிடித்தேன் என்றீர்கள். அந்தக் காதை நான் ஆம்பியரில் எழுதினேன். மோட்டார் இழுக்கும் மின்னோட்டம் ஓர் அளவுக்குக் கீழே போனால் டோசிங் வால்வ் மூடும். இன்றுவரை அந்த இன்டர்லாக் இருக்கிறது.

அதன் பிறகு பதினோரு மாலைகள். கேன்டீனுக்குப் பக்கத்து அறை, டீ, வடை, என் நோட்டுப் புத்தகம். நான் கேட்டது எல்லாம் ஒரே கேள்விதான்: "ஏன் அப்போ கையை எடுத்தீங்க?"

முதல் மாலையிலேயே ஒரு பெரிய விஷயம் கிடைத்தது. 80 டிகிரிக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் நீங்கள் 68இலேயே ஸ்டீமை மூடிவிடுவீர்கள். மூடிவிட்டு, ஜாக்கெட்டிலிருந்து வெளியேறும் குழாயைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பீர்கள். கன்ட்ரோலரோ பாடப்புத்தகம் சொன்னபடி 30இலிருந்து 80 வரை ஏறும் நேரமெல்லாம் இன்னும் எவ்வளவு குறைகிறது என்பதைக் கூட்டிக்கொண்டே வரும், கடனுக்கு வட்டி ஏறுவதுபோல. 80 வந்த பிறகும் அந்த வட்டிக் கணக்கு தீரும்வரை ஸ்டீமைத் திறந்தே வைத்திருக்கும். சோதனை ஓட்டத்தில் தண்ணீரை மட்டும் ஊற்றிப் பார்த்தபோது 91 வரை போனது நினைவிருக்கிறதா? நாள் முழுக்க ஒரே நிலையில் ஓடும் ஆலைகளில் இந்தக் கூட்டல் நல்லது செய்யும். 1942இல் ஸீக்லரும் நிக்கோல்ஸும் வகுத்துக் கொடுத்த டியூனிங் விதிகளும் ஒரு நிலையைக் கட்டிக்காப்பதற்கு உதவுபவைதான். பேட்ச் ரியாக்டருக்கு நிலையே கிடையாது. ஏறும், தங்கும், இறங்கும், காலியாகும். அதனால் தூரத்தில் இருக்கும்போது வட்டி சேரக் கூடாது என்று கட்டினோம். இலக்கை நெருங்கிய பிறகே கூட்டல் தொடங்கும். உங்கள் புறங்கைக்குப் பதிலாக ஜாக்கெட் வெளிவழியில் ஒரு ஆர்டிடி வெப்ப உணரி வைத்து, உள்ளே இருப்பதற்கு ஒரு லூப், ஜாக்கெட்டுக்கு ஒரு லூப் என்று ஒன்றின் சொல்லை மற்றொன்று கேட்கும்படி அமைத்தோம். டிசிஎஸ் கம்பெனியிலிருந்து வந்திருந்த பொறியாளர் இதற்கு கேஸ்கேட் என்று பெயர் சொன்னார். "பேர் நல்லாருக்கு" என்றீர்கள்.

இதை ஒட்டி நான் படித்த ஒன்றை உங்களிடம் சொல்ல வேண்டுமென்று பல வருடம் நினைத்திருக்கிறேன். நிக்கோலஸ் மினோர்ஸ்கி என்று ஒருவர். ரஷ்யாவிலிருந்து அமெரிக்கா போனவர். கப்பலைத் தானாகச் செலுத்துவது பற்றி 1922இல் ஒரு கட்டுரை எழுதினார். இன்று உலகத்தில் உள்ள ஆலைகளில் ஓடும் பிஐடி கன்ட்ரோலரின் கணிதத்தை முதலில் முறையாக எழுதியது அதில்தான். அவர் அதை எங்கிருந்து எடுத்தார் தெரியுமா? சுக்கான் பிடிக்கும் மாலுமியைக் கவனித்து எடுத்தார். தேர்ந்த மாலுமி கப்பல் இப்போது எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை மட்டும் பார்ப்பதில்லை. இதுவரை எவ்வளவு விலகி வந்தது, எவ்வளவு வேகமாக விலகிக்கொண்டிருக்கிறது என்பதையும் சேர்த்தே சக்கரத்தைத் திருப்புகிறார் என்று கண்டார். அந்த மாலுமிகளின் பெயர் எனக்குத் தெரியாது. சமன்பாட்டுக்குக் கீழே அவர்கள் கைகள் இருக்கின்றன. பதினோரு மாலைகள் உங்கள் கையைக் கவனித்துவிட்டு இதைப் படித்தபோது, நாம் உட்கார்ந்திருந்த அறைதான் எனக்கு ஞாபகம் வந்தது.

கிரிக்னார்டு பேட்சுக்கு வந்தோம். அதைப் பற்றி நீங்கள் அதிகம் பேசவில்லை, நான்தான் எழுதினேன். 5 சதவீதம் போனதும் டோசிங் வால்வ் பூட்டிக்கொள்ளும். சூடு தானாக ஏறியதைக் கணினி பார்க்க வேண்டும், களத்தில் நிற்கும் ஆபரேட்டரும் சைட் கிளாஸைப் பார்த்து உறுதி சொல்ல வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் பூட்டுத் திறக்கும். கிளம்பிய பிறகும், டோசிங் நடக்கும் நேரத்தில் சூடு குறித்த அளவுக்குக் கீழே இறங்கினால் வால்வ் மூடும். மேலே ஏறினால் மூடுவது எல்லோரும் வைப்பது. கீழே இறங்கினாலும் மூட வேண்டும் என்பதை வந்திருந்தவரிடம் இரண்டு முறை விளக்கினேன். குளிர்ந்த ரியாக்டர் சரக்கைத் தின்னாமல் சேர்த்து வைக்கிறது என்றேன். உங்கள் சொல்லைத்தான் இன்ஜினீயர் பாஷையில் சொன்னேன்.

வால்வுகளை இயக்கும் காற்று நின்றுபோனால் ஸ்டீம் வால்வ் தானே மூடிக்கொள்ள வேண்டும், கூலிங் வால்வ் தானே திறந்துகொள்ள வேண்டும் என்பது எல்லா இடத்திலும் உள்ளது. கரண்ட் போய் ஜெனரேட்டர் வந்தால் ஸ்டிரர் தானாக ஓடத் தொடங்கட்டும் என்று நான் எழுதியிருந்தேன். அதை அடிக்கச் சொன்னவர் நீங்கள். நைட்ரேஷன் ரியாக்டரில் ஸ்டிரர் நின்றால் கனமானது கீழே, லேசானது மேலே என்று இரண்டும் பிரிந்து நிற்கும். அந்த நேரத்தில் விழுந்ததெல்லாம் கலக்காமல் கிடக்கும். திடீரென்று கலக்கினால் எல்லாம் ஒரே நேரத்தில் எரியும். "மெஷின் எழுப்ப வேணாம். ஆள் வந்து பாத்துட்டு எழுப்பட்டும்" என்றீர்கள். பிறகு வந்த மின்வெட்டுக் காலத்தில் ஒரு நாளைக்கு எத்தனை முறை கரண்ட் போனது! ஒவ்வொரு முறையும் திரையில் 'ஹோல்டு' என்று வந்து, ஓர் ஆளுக்காகக் காத்திருந்தது. 1995இல் வந்த எஸ்88 தரநிலையில் பேட்ச் ஒன்றைப் பாதியில் நிறுத்திப் பிடிப்பதற்கும் மீண்டும் தொடங்குவதற்கும் தனித்தனி நிலைகள் வகுத்திருக்கிறார்கள். அந்தப் புத்தகத்தைப் புரட்டும்போதெல்லாம் அதை எழுதியவர்களுக்கும் உங்களைப் போல ஓர் அண்ணன் இருந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு கடனையும் இங்கே சொல்ல வேண்டும். நன்றி மடலில் அதை மறைப்பது முறையல்ல. எட்டாவது மாலையோ ஒன்பதாவதோ, நோட்டை மூடும்போது கேட்டீர்கள்: "எல்லாத்தையும் அதுக்குச் சொல்லிக் கொடுத்துட்டா, பசங்களுக்கு என்ன வேலை தம்பி?" யாரையும் அனுப்ப மாட்டார்கள் என்று எனக்குச் சொல்லப்பட்டதை உங்களிடம் சொன்னேன். யாரையும் வெளியே அனுப்பவில்லைதான். ஆனால் ஷிஃப்டுக்கு நாலு பேர் நின்ற மேடையில் இரண்டு பேர் ஆனார்கள். மற்றவர்களைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். அவர்களில் ஒருவர் அடுத்த வருடமே வேலையை விட்டார். நீங்கள் ஒருநாளும் அதை என்னிடம் எடுத்துப் பேசவில்லை. பத்தாவது மாலையும் வந்தீர்கள். முந்தைய நாள் விட்ட இடத்திலிருந்து தொடங்கினீர்கள். அதற்கான நன்றியை எப்படிச் சொல்வதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

போன மாதம் ஒரு இரவு. புதிதாகச் சேர்ந்திருக்கும் டிரெயினி இரண்டு மணிக்குப் போன் செய்தான். கிரிக்னார்டு பேட்ச், டோசிங் நடுவில் சூடு இறங்கி வால்வ் மூடிக்கொண்டுவிட்டது. "சார், சேஃபாதான் இருக்கு, சூடே இல்ல. பைபாஸ் பண்ணிக்கலாமா?" என்றான். குரலில் அதே பதற்றம். வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். ஜாக்கெட்டின் கன்ட்ரோல் வால்வ் சிக்கிக்கொண்டு தேவைக்கு மேல் குளிர்வித்திருக்கிறது. சரக்கு எவ்வளவு போயிருக்கிறது, அதில் எவ்வளவு வினைபுரிந்திருக்கும் என்று அவனையே கணக்குப் போடச் சொன்னேன். போட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தான். காத்திருந்தோம். உள்ளே இருந்தது நாலு மணிக்கு மேல் தின்று தீர்ந்தது.

காலையில் என் மேசைக்கு வந்தவன் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் வட்டத் தாளைப் பார்த்தான். ரெக்கார்டர் பேனா வரைந்த பழைய சார்ட். மூன்று மணி வரை பூனை நடை, மூன்று பத்துக்கு ஒரே எகிறல். 2003ஆம் வருடத்தது, மை மங்கிவிட்டது. இது என்ன சார் என்று கேட்டான். உங்கள் கதையைச் சொன்னேன். அந்த லோ லிமிட்டை வைத்தது யார் என்று கேட்டான். சொன்னேன்.

உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறான். பண்ருட்டிப் பக்கம் பலா பழுக்கும் நேரம், ஞாயிற்றுக்கிழமை அழைத்துக்கொண்டு வருகிறேன். சார்ட்டையும் கொண்டுவருகிறேன், அது உங்களிடம் இருக்க வேண்டியது. கப்ளிங் சாவி அறுந்த இரவில் மோட்டார் சத்தம் எப்படி மாறியது என்று நான் எத்தனை முறை சொல்லிப் பார்த்தும் அவனுக்குப் பிடிபடவில்லை. நீங்கள் வாயாலேயே அந்தச் சத்தத்தைப் போட்டுக் காட்டுவீர்களே, அவனுக்கும் ஒருமுறை காட்டுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் தம்பி